முன்பல் இல்லாத பென்ஷன்தாரர்

விருந்தாளி கிளம்பும்போது வாசலில் நின்று குழந்தையின் கையில் ஒரு நோட்டைத் திணிப்பார். "ஐயோ, எதுக்கு இதெல்லாம்?" என்று பெற்றவர்கள் பதறுவார்கள். அவர் படி இறங்கி முடிப்பதற்குள், "குடு, அம்மா பத்திரமா வச்சிருக்கேன்" என்று அந்த நோட்டு பிடுங்கப்படும். நம் வீடுகளில் பட்டப்பகலில் நடக்கிற இந்தக் கொள்ளைக்கு எந்தக் காவல் நிலையத்திலும் வழக்கு கிடையாது. சின்ன வயதில் என்னிடமிருந்து இப்படிப் போன தொகையைப் பற்றி ஒருமுறை அம்மாவிடம் விசாரித்தேன். "நீ தின்ன பிஸ்கட்டுக்கே அது பத்தாது" என்று கணக்கை முடித்துவிட்டார்.

ஆகவே எனக்கு மகள் பிறந்தபோது ஒரு சபதம் எடுத்தேன். அவள் கைக்காசு அவளுடையது. யாரும் பத்திரப்படுத்தக் கூடாது. என் வாழ்நாளில் நான் எடுத்த சபதங்கள் நான்கு. மற்ற மூன்றும் உடற்பயிற்சி சம்பந்தப்பட்டவை.

எல்லோர் வீட்டிலும் ஊசியும் நூலும் வைத்திருக்கும் நீல நிற வட்ட பிஸ்கட் டப்பாவை அவளிடம் கொடுத்தேன். பெங்களூரில் இப்போது கொத்தமல்லிக் கட்டு விற்கிறவரும் ஸ்கேன் பண்ணச் சொல்கிறார். ஆனால் குழந்தையின் உள்ளங்கையை ஸ்கேன் பண்ண முடியாதல்லவா, அதனால் இந்த ஒரு வழக்கம் மட்டும் காகித நோட்டில் தப்பிப் பிழைத்திருக்கிறது. ஆறு வயதுக்குள் டப்பாவில் நாலாயிரத்து இருநூறு ரூபாய் சேர்ந்துவிட்டது. அவளுக்கு அது தொகை அல்ல. ஒவ்வொரு நோட்டும் ஓர் ஆள். ஓரம் கிழிந்து டேப் ஒட்டியது அத்தை நோட்டு. பேனாவில் ஏதோ கிறுக்கியிருந்தது ஆம்பூர் சித்தப்பா நோட்டு. முன்பல் இரண்டும் விழுந்த அன்று வந்தது பல் நோட்டு. மழை நாட்களில் ஜீவனஹள்ளி வீட்டின் ஹாலில் அவற்றைப் பரப்பி வைத்து, யார் யார் வந்திருக்கிறார்கள் என்று வருகைப் பதிவு எடுப்பாள்.

அவ்வளவு பேரையும் மொத்தமாகக் கொடுத்து ஒரு சைக்கிள் வாங்குவதுதான் அவள் திட்டம். மர்பி டவுனில் ஒரு சைக்கிள் கடை. ஊதா நிறம், முன்னால் கூடை, மணி அடித்தால் தெரு நாய்கள் எழுந்து நிற்கும். விலை நாலாயிரத்து ஐந்நூறு. கடைக்கார பாய் அவளிடமே பேரம் பேசினார். என்னை ஒரு டிரைவரைப் பார்ப்பது போலத்தான் பார்த்தார்.

"எவ்ளோ இருக்கு பாப்பா உன்கிட்ட?"

"நாலாயிரத்து இருநூறு."

"இன்னும் முந்நூறு வேணுமே."

நான் பெருந்தன்மையாகப் பர்ஸை எடுத்தேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள். "நீ வேணாம்பா. ஹோசூர்லேருந்து மாமா வருவாரு. அவரு குடுப்பாரு."

பாய் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்து, "நக்கோ சார், உள்ள வைங்க. இது எனக்கும் பாப்பாவுக்கும் நடக்குற டீல்" என்றார். ஒரு மஞ்சள் கயிற்றை எடுத்து சைக்கிளின் கைப்பிடியில் கட்டினார். ஒரு மாதத்துக்கு அதை வேறு யாருக்கும் விற்கமாட்டாராம். அன்றிலிருந்து காக்ஸ் டவுன் பக்கம் போகிற ஒவ்வொரு முறையும் ஸ்கூட்டரைச் சுற்றவிட்டு, கயிறு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவோம்.

இப்போது என் ஆபீசுக்கு வருகிறேன். அடுத்தவர் எழுதிய புரோகிராமில் தப்பு கண்டுபிடிப்பது என் தொழில். பதினோரு வருடமாக இதைச் செய்து வருவதால், சொந்தத் தப்பு எதுவும் கண்ணுக்குத் தெரியாது. அங்கே பேன்ட்ரியில் காபி இயந்திரத்தைச் சுற்றி அப்பாக்கள் கூடுவார்கள். முன்பெல்லாம் பள்ளிக்கூட சீட் பற்றிப் பேசினார்கள். அது பழசாகி, அந்த வாரம் குழந்தைக்கு பென்ஷன் கணக்கு தொடங்குவது பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பிள்ளை பேரில் பெற்றவர் போட வேண்டும், அது வளர்ந்து, வேலைக்குப் போய், கிழமாகி, அறுபதில் மாதாமாதம் வாங்கிக்கொள்ளும்.

என் டீம் லீட் நாலு தலைமுறையாக இங்கேயே இருக்கிற தமிழ்க் குடும்பம். கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பார். "ஏன் குரு, உன் பொண்ணுக்கு இன்னும் ஓப்பன் பண்ணலையா? ஆறு வயசாச்சு! என் பையனுக்கு எட்டாவது மாசத்துலயே போட்டுட்டேன்."

எட்டாவது மாதம் என்றால் அந்தப் பையன் அப்போது எழுந்துகூட ஒழுங்காக நின்றிருக்க மாட்டான். அவனுடைய முதுமைக்கு ஏற்பாடு நடந்திருக்கிறது. இன்னொருவர், மனைவி வயிற்றில் இருக்கும்போதே விசாரித்ததாகவும், ஆதார் இல்லாமல் முடியாது என்று சொல்லிவிட்டதாகவும் வருத்தப்பட்டார். எனக்கு அங்கேயே வாய் கசந்தது. காபியாக இருக்கலாம். ஆனால் கசப்பு வந்த மறுநிமிடமே ஒரு பயமும் வந்தது: எல்லோர் பிள்ளையும் அறுபது வயதில் கால்மேல் கால் போட்டுக்கொண்டிருக்க, என் பெண் மட்டும் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தால்? அன்று மாலையே டீம் லீட் சொன்ன ஏஜெண்டைக் கூப்பிட்டேன்.

சனிக்கிழமை காலை அவர் வந்தார். மனைவியும் மகளும் டிராயிங் கிளாசுக்குப் போயிருந்தார்கள். மனைவி சுட்டு வைத்திருந்த ஆறு மசால்வடையை மரியாதைக்காக அவர் முன்னால் வைத்தேன். அவர் என் மரியாதையை முழுவதுமாக ஏற்றுக்கொண்டார். பிறகு கட்டைவிரலை நாக்கில் வைத்து நன்றாக ஈரம் பண்ணி, என் மகளின் பிறப்புச் சான்றிதழைப் புரட்டினார். ஒரே ஒரு தாள். அதைப் புரட்ட எதற்கு எச்சில்? எண்ணெயும் எச்சிலும் சேர்ந்து அவள் பிறந்த நேரத்தின் மேல் ஒரு வட்டம் விழுந்தது. சீ என்று வாய்வரை வந்தது. "தண்ணி குடிக்கிறீங்களா சார்?" என்று கேட்டேன். நான் கோபப்படும் முறை அது.

"ஆயிரம் போட்டாலே போதும் சார்," என்றார். "ஆனா ஆயிரத்துக்கு அறுபதுல பாப்பா டீ குடிக்கலாம். அவ்ளோதான். நீங்க ஒரு அஞ்சு போடுங்க."

மாதக் கடைசி. வாடகையும், ஸ்கூட்டர் தவணையும், பள்ளிக்கூடத்தின் மூன்றாவது தவணையும் சேர்ந்து என் கணக்கை வழித்து எடுத்திருந்தன. ஆயிரம் இருந்தது. ஆனால் ஆயிரம்தான் என்று சொன்னால் அது திங்கட்கிழமை பேன்ட்ரிக்குப் போய்விடும். நான் நெளிவதை அவர் பார்த்தார். நெளிகிற ஆட்களைப் பார்த்துப் பார்த்தே பழகிய கண்.

"பாப்பா சேர்த்து வச்சிருக்கும்ல சார், உண்டியல் மாதிரி? அதையே போடுங்க. குழந்தை காசு குழந்தைக்கே. சென்டிமென்ட்டாவும் இருக்கும்."

சபதம் எடுத்த அதே ஆள், அலமாரியைத் திறந்து நீல டப்பாவை எடுத்தேன். ஒன்றாம் தேதி சம்பளம் வந்ததும் திருப்பி வைத்துவிடலாம் என்றுதான் எடுத்தேன். எல்லாத் திருடர்களும் இதைச் சொல்லியிருப்பார்கள் என்பது எனக்கு அப்போதே தெரியும். என் ஆயிரத்தோடு சேர்த்து ஐந்தாக்க நாலாயிரத்தை எண்ணி, இருநூறை விட்டுவைத்தேன். பெரிய மனசு. அவர் மறுபடியும் கட்டைவிரலை நாக்கில் வைத்து, அத்தையை, ஆம்பூர் சித்தப்பாவை, விழுந்த பல்லை எல்லாம் ஒவ்வொன்றாக எச்சில் பண்ணி எண்ணிப் பைக்குள் வைத்தார். "நான் ஃபோன்லேருந்து கட்டிடறேன் சார்."

ஃபாரத்தில் ஓர் இடம் வந்தது. அவர் முகம் மலர்ந்தது. "இது ரொம்ப நல்ல பாயிண்ட் சார். அப்படி நடக்காது, நடக்கவும் கூடாது. ஆனா பாப்பாவுக்கு ஏதாவது ஆயிட்டா, முழுப் பணமும் உங்களுக்கே வந்துடும். அதுல நீங்க கவலையே பட வேணாம்."

அவரை வெளியே தள்ளியிருக்க வேண்டிய இடம் இது. தள்ளவில்லை. அதைவிடக் கேவலம், அரை நொடி, "அட, பரவாயில்லையே" என்று என் தலை தானாக ஆடியது. அந்தத் தலையைத்தான் இன்னும் கழுத்தில் வைத்துக்கொண்டு திரிகிறேன். அப்படியொரு பேச்சைக் கேட்டபின் தலைக்குக் குளித்துவிட்டுப் போட வேண்டிய கையெழுத்தைக் குளிக்காமலேயே போட்டேன்.

எல்லாம் முடிந்த குஷியில், "ஒரு சர்ப்ரைஸ் சார்" என்று என் மகளின் போட்டோவை அவர் ஃபோனில் ஏற்றினார். அதில் ஏதோ ஒரு ஆப். ஒரு சின்ன வட்டம் சுற்றியது. கன்னம் தொங்கியது, முடி நரைத்தது, கண்ணுக்கடியில் பை விழுந்தது. அறுபது வயதில் என் மகள். பார்த்தேன். அது அச்சு அசல் நான். இரண்டு ஜடை போட்ட நான். கீழே, 'கவலையில்லா முதுமை' என்று எழுத்து மின்னியது.

அந்த நேரம் பார்த்துத்தான் கதவு திறந்தது. கையெல்லாம் பெயிண்டோடு மகள் ஓடி வந்து ஃபோனை எட்டிப் பார்த்தாள்.

"அப்பாவுக்கு எதுக்கு ஜடை?"

"அது நீதான் பாப்பா!" என்றார் ஏஜெண்ட். "அப்பா உனக்குப் பெரிய கிஃப்ட் குடுத்திருக்காரு. உனக்கு பென்ஷன் வரும்."

"எப்போ?"

"அறுபது வயசுல."

அவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். கைவிரல் தீர்ந்தது. கால்விரலுக்குப் போனாள். அதுவும் தீர்ந்ததும் நிமிர்ந்தாள். "எந்தக் காசுல?"

எனக்குத் தெரிந்து அந்தக் கேள்வியை ஆபீசில் ஒருவர்கூடக் கேட்டதில்லை. ஏஜெண்ட் சந்தோஷமாக, "உன் காசுலதான்!" என்றார். அவள் அலமாரிக்குப் போனாள். டப்பா மூடி திறக்கிற சத்தம் கேட்டது. அழுவாள் என்று பார்த்தேன். டப்பாவை எடுத்து வந்து என் முன்னால் வைத்து, "பல் நோட்டு எங்கப்பா?" என்றாள்.

ஏஜெண்ட் இந்த மாதிரி நேரங்களுக்கு என்றே பழகியவர். "வர்றேன் சார். நாலு பேருக்குச் சொல்லுங்க. மூணு பேரு சேர்ந்தா உங்களுக்கு ஒரு ஹாட்பாக்ஸ்" என்று படியிறங்கிவிட்டார்.

மனைவி காலித் தட்டைப் பார்த்தாள், இருநூறு மட்டும் மிஞ்சிய டப்பாவைப் பார்த்தாள். "ஏங்க, வடையாவது ஒண்ணு மிச்சம் வச்சீங்களா?"

"பாப்பாவோட எதிர்காலத்துக்குத்தான்..."

"அவளுக்கு எதிர்காலம் அடுத்த ஞாயித்துக்கிழமைங்க. எங்கண்ணன் வர்றான், முந்நூறு குடுப்பான், சைக்கிள் வாங்கணும். அதுதான் அவ எதிர்காலம். நீங்க அறுபதுல உக்காந்திருக்கீங்க." சமையலறையிலிருந்து இன்னொன்றும் வந்தது: "சொந்தப் பொண்ணு டப்பாவுல கை வைக்கிறவரு ஊர்ல எல்லாப் புரோகிராம்லயும் தப்பு கண்டுபிடிக்கிறாராம்."

திங்கட்கிழமை ஏஜெண்டைக் கூப்பிட்டேன். அந்த நோட்டுகள் எங்கே என்று கேட்டேன். சனிக்கிழமையே பெட்ரோலுக்கும் பிரியாணிக்கும் போய்விட்டனவாம். கட்டிய பணத்தைத் திருப்பி எடுக்க முடியுமா என்றேன்.

"மூணு வருஷம் ஆகணும் சார். அதுவும் ஒரு பகுதிதான். படிப்பு, பெரிய நோய், இந்த மாதிரி காரணம் காட்டணும்."

"சைக்கிள்?"

ஃபாரத்தைப் புரட்டுகிற சத்தம். அவர் விரலை நாக்கில் வைத்திருப்பார் என்று இங்கிருந்தே தெரிந்தது. "சைக்கிள் லிஸ்ட்ல இல்ல சார்."

ஒன்றாம் தேதி சம்பளம் வந்ததும் ஏ.டி.எம்முக்கு ஓடி எட்டு ஐந்நூறு ரூபாய் நோட்டுகளை எடுத்து வந்து டப்பாவில் வைத்தேன். அவள் ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். கிழிசல் இல்லை, கிறுக்கல் இல்லை, ஆளும் இல்லை.

"இது மெஷின் காசு," என்று என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

மறுநாள் தனியாக மர்பி டவுனுக்குப் போனேன். அந்த மெஷின் காசோடு இன்னொரு ஐந்நூறு சேர்த்து நீட்டினேன். பாய் வாங்கவில்லை. "பாப்பா எங்க சார்?"

"சர்ப்ரைஸ்."

"அவங்க காசு என்னாச்சு?"

சொன்னேன். பாதியிலேயே அவர் முகம் போன போக்கைப் பார்த்து மீதியை வேகமாகச் சொன்னேன். அவர் மஞ்சள் கயிற்றை மெதுவாக அவிழ்த்தார். "எங்க வீட்டுலயும் வாப்பா எடுப்பாரு சார். ஆனா அவரு பீடிக்கு எடுத்தாரு. நீங்க பென்ஷனுக்கு எடுத்திருக்கீங்க. பீடின்னா பசங்களுக்கும் புரியும்."

இரண்டு மாடி சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். லிஃப்ட் கிடையாது. பெடல் ஒவ்வொரு படியிலும் என் முழங்காலில் இடித்தது. நல்லதுதான் என்று பட்டது. கதவைத் திறந்தவள் சைக்கிளைப் பார்த்ததும் ஒரு நொடி குதித்தாள். அந்த ஒரு நொடியை நான் பார்த்தேன். பிறகு நின்றாள்.

"கயிறு எங்க?"

"அவுத்துட்டாங்கம்மா. வாங்கியாச்சுல்ல?"

"யாரு காசு?"

"அப்பா காசுதான்."

"அப்போ இது அப்பா சைக்கிள்." உள்ளே போய்விட்டாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் சமாதானம் செய்திருப்பேன். யார் செருப்பு எது என்று பிரித்து வைப்பது போலச் சொன்னாள். பத்து நாள் சைக்கிள் பால்கனியில் நின்றது. தினமும் நான் துடைத்தேன். எதிர்வீட்டு அம்மா, "ஏன் சார், பாப்பாவுக்கு ஓட்டத் தெரியாதா? நீங்களே ஓட்டுறீங்களா?" என்று கன்னடத்தில் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பதினோராவது நாள், கீழே பிள்ளைகள் எல்லாம் ஓட்டுகிற சத்தம் கேட்டு அவளால் தாங்க முடியவில்லை. என் முன்னால் வந்து நின்றாள். பிறந்ததிலிருந்து என்னை 'நீ, வா, போ' என்று கூப்பிட்ட பெண்.

"அப்பா, உங்க சைக்கிளை எடுத்துக்கலாமா?"

அவள் கிளாஸ் மிஸ்ஸிடம் ரப்பர் கேட்கிற குரல் அது. எடுத்துக்கோ என்றேன். அரை மணி நேரத்தில் திரும்பி வந்து, "வச்சுட்டேன்" என்றாள். அப்புறம் ஒவ்வொரு நாளும் கேட்டாள், ஒவ்வொரு நாளும் திருப்பி வைத்தாள். இதற்கு நடுவில் பென்ஷன் கணக்கின் அட்டை தபாலில் வந்தது. அவள் பெயர், நீளமான ஓர் எண். காலை நேரங்களில் ஏஜெண்டிடமிருந்து ரோஜாப்பூ போட்ட குட்மார்னிங் வேறு. இரண்டையும் பார்க்கும்போதெல்லாம் பிறப்புச் சான்றிதழில் விழுந்த எண்ணெய் வட்டம் ஞாபகம் வரும். உடனே போய்க் கை கழுவுவேன்.

டயர் கடையில் ஆள் வராததால் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்த என் மச்சான், மனைவியின் அண்ணன், ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து சேர்ந்தார். மத்தியானம் பிரியாணி சாப்பிட்டார், அத்திபெலே டோலில் நின்ற கதையைச் சொன்னார், நாலு மணிக்குக் கிளம்பினார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து ஐந்நூறு ரூபாய் நோட்டை எடுத்து மருமகள் கையில் வைத்து மூடினார்.

"ஐயோ, எதுக்கு மச்சான் இதெல்லாம்?" என்றேன். வாய் பழக்கம். கையும் ஏதோ பழக்கத்தில் லேசாக முன்னால் நீண்டதாக மனைவி பிற்பாடு சாட்சி சொன்னாள்.

மகள் கையை விரித்து நோட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு அதை நாலாக மடித்து மாமாவின் சட்டைப் பைக்குள்ளேயே செருகினாள்.

"நீங்களே பத்திரமா வச்சிருங்க மாமா. எங்க வீட்டுல அப்பா இருக்காரு."

மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடினாள். மச்சான் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். நான் சத்தமாகச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அவரை வழியனுப்பக் கீழே வந்தேன்.

"என்ன மாப்ள பண்ணீங்க?" என்றார் பைக்கைக் கிளப்பாமல்.

எல்லாவற்றையும் சொன்னேன். பாயைப் போல முகம் சுளிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் யோசித்தார். யோசித்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. "திட்டம் நல்லாத்தான் இருக்கு மாப்ள. என் பையனும் ஒரு டப்பா வச்சிருக்கான். கிரிக்கெட் பேட்டு வாங்கணுமாம். காசு சும்மா கெடக்கு. அந்த ஏஜெண்ட் நம்பர் குடுங்களேன்."

ஃபோனை எடுத்தேன். நம்பர் மேலேயே இருந்தது. காலையில் வந்த ரோஜாப்பூகூட இன்னும் திறக்காமல் கிடந்தது.

"இல்ல மச்சான். அழிச்சிட்டேன்."

"வேற யார்கிட்டயாவது கேட்டுக் குடுங்க மாப்ள."

"பார்க்கிறேன்," என்றேன். அவர் தெருமுனை திரும்பும்வரை நின்றேன். பிறகு அந்த நம்பரை நிஜமாகவே அழித்தேன். டீம் லீடிடம் கேட்டால் அரை நிமிடத்தில் மறுபடி கிடைத்துவிடும், அது வேறு விஷயம்.

மேலே வந்தபோது அவள் ஷூ போட்டுத் தயாராக, பால்கனிக் கதவருகே நின்றிருந்தாள். கை இன்னும் சைக்கிளின் மேல் படவில்லை.

"அப்பா, உங்க சைக்கிளை எடுத்துக்கலாமா?"